குப்பை மெஷின் ஏன் ஆடுகிறது

அக்டோபர் 8, ஞாயிறு

உப்பு: நாள் முழுவதுக்கும் அரை ஸ்பூன். ரசத்தில் போடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லிக்கொடுக்கும் பெண், ஈரல் கெட்டுப்போன என் வீட்டுக்காரர் சாப்பிடும் உப்பைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தாள். ஒரு வரி உப்புக்குப் போக மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று என் புலம்பலையும் சேர்த்து எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று.

இன்றைய புலம்பல் குப்பை மெஷின். இந்த வீட்டை வாங்கியபோதே சமையலறையில் அது இருந்தது. பெரிய இழுப்பறை மாதிரி இருக்கும். குப்பையைப் போட்டு மூடி, சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு இரும்புப் பலகை இறங்கி நசுக்கும். ஒரு வாரக் குப்பை ஒரே மூட்டையாகிவிடும். அமெரிக்காவில் எனக்குப் பிடித்த ஒரே மெஷின் அதுதான். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தது, இப்போது பலகை இறங்கும்போது பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் கிணுகிணுக்கின்றன. இட்லித் தட்டு கீழே விழுந்து ஒரு பக்கம் நெளிந்துவிட்டது.

அக்டோபர் 11, புதன்

உப்பு: அரை ஸ்பூன்.

மெஷினின் கால்கள் சமமாக இல்லையோ என்று பார்த்தேன். முன்கால் ஒன்று கொஞ்சம் உயரம். திருகி இறக்கினேன். இடுக்கில் பொள்ளாச்சி ஜவுளிக்கடை காலண்டர் அட்டையை மடித்துச் சொருகினேன். பொத்தானை அமுக்கினேன். அப்படியேதான் ஆடியது.

இவரைக் கேட்டேன். இவர் டெட்ராய்ட்டில் ஒரு கார் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தது இதற்காகத்தான். ஓடும்போது கார் எங்கே அதிர்கிறது, ஏன் அதிர்கிறது என்று கண்டுபிடிப்பது. காதை வைத்தே சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெயர். அப்படிப்பட்டவர் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பழைய மெஷின் அம்மிணி. அப்படித்தான் இருக்கும், விடு."

"ஒருதரம் வந்து காதைக் குடுத்துக் கேளுங்க."

"கேக்குது. இங்கிருந்தே கேக்குது."

அதோடு சரி. கூப்பிட்டால் வருகிற மனுஷனா இது.

அக்டோபர் 15, ஞாயிறு

உப்பு: முக்கால் ஸ்பூன். தாரிணி வந்திருந்தாள், அதனால் கத்தரிக்காய் வதக்கலில் கொஞ்சம் தாராளம்.

தாரிணி எங்கள் ஒரே மகள். முக்கால் மணி தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஞாயிறு தோறும் வருவாள். தன் ஈரலில் ஒரு பாதியை வெட்டி அப்பாவுக்குக் கொடுக்கப்போகிறாள். அவளானால் முடி வெட்டிக்கொள்ளப்போவது போல் பேசுகிறாள். ரத்த வகை சேர்ந்துவிட்டது, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, அவர் ஆறு மாதம் ஒரு சொட்டுக் குடிக்காமல் இருக்க வேண்டும். ஆகஸ்டில் எடுத்த ரத்தம் சுத்தம். நவம்பர் கடைசியில் எடுப்பதுதான் முடிவு. கடைசி மூன்று நான்கு வாரத்தில் குடித்திருந்தால் அந்த ரத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். அது தேறாவிட்டால் மாற்று ஈரல் கிடையாது. மாற்று ஈரல் இல்லாவிட்டால் இவரும் இல்லை. டாக்டர் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் இல்லை. மே மாதம் சாமி அறையில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். எங்கள் ஊர்ப்பக்கம் கற்பூரம் அடித்துச் சொன்னால் கோர்ட்டே தேவையில்லை. தாரிணிதான், "வாரம் ஒருதடவை ஊதிப் பார்க்கிற கருவி வாங்கி வைக்கலாம்மா" என்றாள். "கற்பூரம் அடிச்ச மனுசனை ஊதச் சொல்லுவியா?" என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

சாப்பாடு ஆனதும் மெஷினைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. "அப்பா, இது உங்க சப்ஜெக்ட்தானே?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். போகும்போது, "அப்பா கண்ணு கொஞ்சம் மஞ்சளா இல்ல?" என்று கேட்டாள். சமையலறை விளக்கு அப்படி. வெள்ளை பல்பு மாற்ற வேண்டும்.

அக்டோபர் 19, வியாழன்

உப்பு: அரை ஸ்பூன்.

இழுப்பறை ஓடும் தண்டவாளத்தில் எண்ணெய் இல்லாமல் ஆடுமோ என்று தேங்காய் எண்ணெய் எடுத்தேன். இந்த ஊர்க் குளிரில் அது கல்லாக உறைந்திருந்தது. ஸ்பூனால் சுரண்டித் தடவினேன். இழுப்பறை வழவழவென்று ஓடுகிறது, ஆட்டம் மட்டும் குறையவில்லை. சமையலறை முழுக்கத் தலைக்குக் குளித்த வாசனை.

ஈரோட்டுத் தங்கையிடம் போனில் பேசினேன். ஒரு பெருமையும் அடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து தின்ற தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன், இந்த மாதம் முதல் குப்பையை அவரே பார்த்துக்கொள்கிறார். மெஷினில் போடுவது, மூட்டையைக் கட்டித் தெருவில் வைப்பது எல்லாம் அவர்தான். என்னைத் தொட விடுவதில்லை. வாக்கிங் வேறு, காலை ஒருதரம் மாலை ஒருதரம், பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"மாமா எப்படிக்கா இப்படி மாறினாரு?" என்று கேட்டாள்.

"உடம்புல அடி பட்டா புத்தி வந்துரும்மாட்ட இருக்குது" என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

உப்பு: அரை ஸ்பூன்.

அவருக்குப் பேன்ட் பொத்தான் போட முடியவில்லை. வயிறு முன்னால் வந்துவிட்டது. என் சமையல் ஒட்டுகிறது என்று சொன்னேன். கைகால் மட்டும் குச்சியாய்த்தான் இருக்கிறது. எலாஸ்டிக் வைத்த பேன்ட் இரண்டு வாங்கினேன். வெள்ளை பல்பு மாற்றியாயிற்று.

மெஷின் பற்றி எழுத இன்றைக்கு எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

உப்பு: எழுத மறந்துவிட்டது.

அவர் குளிக்கும்போது மெஷினிலிருந்து ஏதோ ஒழுகியது. மூட்டையின் அடி கிழிந்திருக்கிறது. இழுப்பறையின் பின்பக்கம், இடது மூலையில் உடைந்த கண்ணாடி. துடைத்த துணியை மோந்து பார்த்தேன். தலைக்கு ஏறுகிற ஒரு வாடை.

குளித்துவிட்டு வந்தவர் நான் துணியோடு நிற்பதைப் பார்த்தார். "ஆப்பிள் வினிகர் பாட்டில். ஈரலுக்கு நல்லதுன்னு கம்பெனி பிரண்டு ஒருத்தன் சொன்னான். நீ திட்டுவேன்னு சொல்லல" என்றார். என் கையில் இருந்த துணியை வாங்கி அவரே துவைத்துக் காயப்போட்டார்.

வினிகர் நல்லதுதான் போலிருக்கிறது. தாரிணியிடம் கேட்க வேண்டும். வேண்டாம், அவள் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

நவம்பர் 2, வியாழன்

உப்பு: அரை ஸ்பூன். ஆடுகிறது.

நவம்பர் 3, வெள்ளி

உப்பு: அரை ஸ்பூன்.

இவர் காலை வாக்கிங் போன நேரமாகப் பார்த்து ரிப்பேர்காரரை வரச்சொன்னேன். ஏன் அந்த நேரமாகப் பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வந்தவர் பெயர் டக். வாய் ஓயாத ஆள். தன் நாய்க்கு மூட்டுவலி என்பதில் ஆரம்பித்து, என் வீட்டுச் சாம்பார் வாசனை வரை பேசினார். இழுப்பறையைக் காலி பண்ணிவிட்டு வெறும் மெஷினை ஓட்டிக் காட்டினார். ஆடவே இல்லை. பிள்ளை தூங்குவதுபோல் இறங்கி ஏறியது.

"மெஷினில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. நீங்கள் போடுகிற விதத்தில்தான். கனமானது எல்லாம் ஒரே மூலையில் கிடந்தால் பலகை சாய்ந்து இறங்கும், அப்போது ஆடத்தான் செய்யும்" என்றார். பிறகு, வெளியே எடுத்து வைத்த மூட்டைக்குள் கையை விட்டார். செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பிராந்தி பாட்டில். தட்டையாக, கோட்டுப் பையில் அடங்குகிற அளவு. அதன் கீழே இன்னும் இருந்தன. அவர் அதற்குமேல் எடுக்கவில்லை. அதையும் சுற்றி உள்ளேயே வைத்துவிட்டுக் கை கழுவினார். அவ்வளவு பேசின மனுஷன் அதற்கப்புறம் பேசவில்லை. வாசலில் பூட்ஸை மாட்டும்போது மட்டும், "கண்ணாடியைப் படுக்க வைத்து, நடுவில் போட்டு, சுற்றிலும் மெத்தென்று ஏதாவது வையுங்கள்" என்றார்.

குப்பையை இருந்தபடியே திரும்ப வைத்தேன். இடது மூலைக்குப் போக வேண்டியதை இடது மூலையில்.

நவம்பர் 4, சனி

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். குடிக்கிறார். ஒரு மாதமாகக் குடிக்கிறார். கற்பூரம் அடித்த கையாலேயே குடிக்கிறார்.

கேட்டுவிடலாம் என்று மூன்று நாளாக வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். கேட்டால் இல்லை என்பார். இன்னொரு சத்தியம் பண்ணுவார். முதல் சத்தியம் மீறியதற்கே எந்த வினை யார் தலையில் விடியுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன். இவருக்கு இருப்பது ஒரே பிள்ளை. வினை வேறு எங்கே போகும்?

தாரிணியிடம் சொன்னால் மாற்று ஈரல் பட்டியலிலிருந்து அவர் பெயர் அன்றைக்கே போய்விடும். சொல்லாவிட்டாலும் ரத்தம் எடுக்கிற அன்று போகத்தான் போகிறது. இரண்டும் ஒன்றுதான். நடுவில் இருப்பது மூன்று வாரம். அந்த மூன்று வாரமாவது என் மகள் அப்பாவை நம்பிக்கொண்டு இருக்கட்டும். அவரும் அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

இவர் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர் இல்லாமல் இந்தப் பனி தேசத்தில் நான் என்ன செய்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிது.

நவம்பர் 9, வியாழன்

நேற்று அவர் கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். காலிப் பாட்டிலை அதே பையில் திரும்ப வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது, காபி சட்டையெல்லாம் கொட்டியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. "கொஞ்சம் நடந்துட்டு வந்தா சரியாயிரும் அம்மிணி" என்று கோட்டை மாட்டினார். பொத்தான் போடத் தெரியவில்லை அவருக்கு. நான்தான் போட்டுவிட்டேன். ஜன்னலில் நின்று பார்த்தேன், தெரு முனை வரை தள்ளாடிப் போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது கை நடுங்கவில்லை. நான் சுட்ட தோசை இரண்டு தின்றார்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

உப்பு: இன்றைக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

தாரிணி விடிவதற்குள் வந்துவிட்டாள். தலையில் எண்ணெய் வைத்து விட்டேன். அப்பாவுக்கு நீல நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தாள்.

அவள் வருவதற்கு முன் மெஷின் இழுப்பறையைத் திறந்து உட்கார்ந்தேன். மூலையில் இருந்ததையெல்லாம் எடுத்து, பழைய துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நடுவில் படுக்க வைத்தேன். சுற்றிலும் முறுக்கு மாவுப் பை, காலிஃபிளவர் தண்டு, சாப்பிட்ட காகிதத் தட்டுகள். சாப்பாடு முடிந்ததும் அவள் கண் முன்னாலேயே பொத்தானை அமுக்கினேன். டம்ளர் ஒன்றும் கிணுகிணுக்கவில்லை. உள்ளே மெதுவாக ஏதோ நொறுங்கியது. கேட்க வேண்டும் என்று கேட்டால்தான் கேட்கும்.

"அட, சரியாயிடுச்சே! யாரு ரிப்பேர் பண்ணினது?"

"அப்பாதான் கண்ணு" என்றேன்.

அவள் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா, காது இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

உப்பு: அரை ஸ்பூன்.

தொட்டிக்குக் கீழே, சோப்புத்தூள் டப்பா பக்கத்தில், காலிப் பாட்டில் நின்றது. மறைக்கவில்லை. செய்தித்தாள்கூடச் சுற்றவில்லை. எனக்காக வைத்திருக்கிறார். எடுத்துத் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது, "மெஷின் இப்பச் சத்தமே போடறதில்ல" என்றார்.

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு."

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் இவ்வளவு ஒற்றுமையாகச் செய்ததில்லை. இதை எழுதிவிட்டு எழுந்துபோய் அழுதேன்.

நவம்பர் 23, வியாழன்

இந்த ஊர்க்காரர்கள் வான்கோழி தின்னும் நாள். தாரிணிக்கு லீவு. ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டாளாம். தழும்பு இங்கிருந்து இங்கே வரை வரும் என்று சட்டை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் வரவில்லை.

"அப்பாவுக்குப் பயமா இருக்குது போல" என்றாள். கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள். கண்ணையும் பார்த்துவிட்டாள். "ஒரு நாலு நாள்தான்ம்மா. ரத்தம் எடுத்துட்டா தேதி குடுத்துருவாங்க. அதுவரைக்கும் தாங்குவாரு." என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

நவம்பர் 27, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள். நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனார். கையை நீட்டும்போது என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து தாரிணிக்கும் சேர்த்துத்தான் தகவல் சொல்லியிருக்கிறார்கள். ஈரல் கொடுப்பவள் அவள் அல்லவா? மத்தியானம் வேலையை விட்டுவிட்டு வந்தாள். காலணியைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

அவர் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அவள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, வீங்கின காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. "எப்ப இருந்துப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. "பரவால்லப்பா, பரவால்ல" என்று காலைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். "தெரியும்" என்று வந்தது.

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா" என்று அவளும் சொன்னாள். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக, ஆஸ்பத்திரிக்கு வரும் ஆட்களுக்கு மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா அங்கேயே அட்மிட் பண்ணி நிறுத்தியிருப்பாங்கம்மா. பேரை எடுத்திருக்க மாட்டாங்க, தள்ளித்தான் போட்டிருப்பாங்க. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கலாம். அப்ப அதுக்கு அவர் உடம்புல தெம்பு இருந்துச்சு. இந்த ரத்தத்துல அதுவும் இல்லைன்னு வந்துருக்கு."

இரண்டும் ஒன்றுதான் என்று நான் எழுதி வைத்திருந்தேன். இரண்டும் ஒன்று இல்லையாம். யாரிடமும் கேட்காமல் நானாக முடிவு பண்ணிவிட்டேன்.

"நீ அப்பாவை வெறுத்துருவியேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பாவை எதுக்கு வெறுக்கணும்? அவருக்கு வியாதி" என்றாள். "உங்களுக்கு என்னம்மா?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள். பிறகு அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய்க் காரை எடுத்தாள்.

இருட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் விளக்குப் போடவில்லை. அப்புறம் அவர் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். போட்டேன்.